கீபோர்டுக்கு அடியில் அருவதா

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு கரப்பான்பூச்சி. அது அவசரப்படவில்லை. மேசையைக் குறுக்கே கடந்து, வில்டோ பாதி கடித்து வைத்திருந்த சிப்பா ரொட்டியின் மேல் ஏறி நின்று மீசையை ஆட்டியது. வில்டோ அதை விரலால் சுண்டிவிட்டான். அதே விரலால் ரொட்டியை எடுத்து இன்னொரு கடி கடித்தான்.

துப்பறியும் நிபுணர் எஃப்ராயின் ஒவேலார் கண்களை மூடிக்கொண்டார்.

"போச்சு தலைவரே, முக்கியமான சாட்சி ஓடிட்டாரு," என்றாள் நிமியா. "ரெண்டு வாரமா உள்ளயே குடியிருந்தவரு. நடந்ததெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

"நீ வாயை மூடிட்டு வீடியோ எடு."

"வாயை மூடிட்டுத்தான் இருக்கேன். இங்க திறந்தா உள்ள என்ன பறந்து வரும்னு யாருக்குத் தெரியும்?"

நிமியா அவருடைய உதவியாளர். துப்பறிவதில் அவளுக்குப் பாதிச் சம்பளம், அவரைக் கிண்டல் செய்வதில் மீதிச் சம்பளம் என்று ஒவேலார் நினைத்துக்கொள்வார். அவருக்கோ உலகத்தில் இருக்கிற எல்லா அழுக்கும் தன்னைத்தான் குறிவைத்து வருகிறது என்று ஓர் எண்ணம். எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் வைத்திருப்பார். ஒன்று துடைக்க. இன்னொன்றால் எதையுமே துடைக்க மாட்டார். அது சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு வேண்டும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மனிதரை அசுன்சியோன் நகரத்தின் நாலாம் சந்தைக்குள், மாட்டுக்குடல் விற்கிற வரிசைக்கும் செல்போன் உறை விற்கிற வரிசைக்கும் நடுவில், வில்டோவின் ரிப்பேர் கடையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது இந்த வழக்கு. வெளியே வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டு அங்கே குளிர்காலம்; அதற்குச் சம்பந்தமே இல்லாத சூடு. குடல் வரிசையின் வாடை அந்தச் சூட்டில் கடைக்குள் வந்து குடித்தனமே நடத்தியது.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் சுனில்தா உட்கார்ந்திருந்தாள். நீல வாசல் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கிற வேலை பார்த்தவள். நாளைக் காலையில் அவளை நீதிபதி முன் நிறுத்தப்போகிறார்கள். பொலிகார்ப்போ என்ற பெரியவர் அவள் கையிலிருந்து விழுந்து செத்தார் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் பெண்கள் சிறை.

இல்லத்தின் தலைவர் டாக்டர் கோதாஸ் சொன்ன கதை இதுதான். ஜூலை முப்பத்தொன்று மாலை, குளிப்பாட்டும்போது சுனில்தா பெரியவரைக் கீழே போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் தூக்கிப் படுக்கையில் கிடத்தினாள். அறையிலிருந்த கேமரா எல்லாவற்றையும் செவிலியர் மேசை லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டிருந்தது நினைவு வந்ததும், தான் குடித்துக்கொண்டிருந்த தெரெரே பானத்தை அதன் மேல் கவிழ்த்துவிட்டு, ஊருக்குக் கடைசி பஸ் பிடித்துப் போய்விட்டாள். பெரியவர் இரவிலேயே இறந்துபோனார்.

சுனில்தா சொன்னது வேறு. "நான் போறப்ப அவரு நல்லாத்தான் இருந்தாரு ஐயா. எனக்குக் கையை ஆட்டி டாட்டா காட்டினாரு. ராத்திரி டூட்டிக்கு டாக்டரோட தங்கச்சி மவன் ஆரியெல் வந்துட்டான். அவன்கிட்ட விட்டுட்டுத்தான் போனேன்."

இரண்டில் எது உண்மை என்று சொல்லக்கூடியது இந்த லேப்டாப் ஒன்றுதான். போலீசில் இதைத் திறந்து பார்க்க ஆளில்லை. விசாரணை அதிகாரி இன்ஸ்ஃப்ரான் தோளைக் குலுக்கிவிட்டு, "திறக்கிறதை வீடியோ எடுத்துக் குடுத்துடுங்க," என்று ஒவேலாரிடமே விட்டுவிட்டார். டாக்டரும் தாராளமாக எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாராளம்தான் ஒவேலாருக்கு உறுத்தலாக இருந்தது.

"முதல்ல ஒரு வாய் குடிங்கண்ணே," என்று வில்டோ கொம்புக் குவளையை நீட்டினான். யெர்பா இலைத்தூளின் மேல் ஐஸ் தண்ணீர் மினுங்கியது. நடுவில் உலோகக் குழாய். அந்தக் குழாயில் வில்டோ குடித்திருந்தான், நிமியா குடித்திருந்தாள், சுனில்தா குடித்திருந்தாள், பக்கத்துக் கடைக் குடல்காரரும் வந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் போயிருந்தார். வில்டோவின் முன்பற்கள் இருந்த நிலையை ஒவேலார் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"வயிறு சரியில்லப்பா."

"தெரெரே குடிச்சா சரியாயிடும்."

"டாக்டர் வேணாம்னுட்டாரு."

"எந்த டாக்டரு தெரெரே வேணாம்பாரு? அவரு நம்ம நாட்டு ஆளே இல்லையா?" வில்டோவின் முகம் தொங்கிப்போயிற்று. நீட்டிய குவளையை வாங்காமல் விடுவது இங்கே கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஒவேலாருக்கும் அது தெரியும். தெரிந்தும் கை நீளவில்லை.

வில்டோ வேலையைத் தொடர்ந்தான். லேப்டாப்பைச் சாய்த்ததும் துவாரங்களிலிருந்து அரிசி கொட்டியது. நனைந்த மின்சாதனத்தை அரிசியில் புதைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, இதை இரண்டு வாரம் அரிசிப் பையில் போட்டு வைத்திருந்தார்கள். அரிசி ஊறி, உப்பி, புளித்து, வண்டு வைத்திருந்தது. சில வண்டுகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன.

"அரிசில போட்டா தண்ணி போகாது, வண்டுதான் வரும். சொன்னா எவன் கேக்கறான்?" என்றான் வில்டோ. "நனைஞ்சா உடனே ஆஃப் பண்ணணும், கவுத்துப் போடணும், பேட்டரியைக் கழட்டணும், என்கிட்ட கொண்டாரணும். நம்மாளுங்க சோறாக்கிப் பாக்கறாங்க."

பேட்டரியைக் கழற்றினான். உப்பியிருந்தது. திருப்பிப் போட்டு விசைகளைக் காட்டினான். எழுத்துகளின் மேலும் இடுக்கிலும் பச்சையாக யெர்பாத் தூள் அப்பிக் கிடந்தது.

"இதப் பாருங்க. தெரெரேதான். சந்தேகமே வேணாம்."

சுனில்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் ஊத்தல," என்றாள்.

ஒவேலார் அந்தப் பச்சைத் தூளைப் பார்த்தார். ஒரு கணம், இந்தப் பெண் பொய் சொல்கிறாளோ என்றுகூட நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேல் எரிச்சல் வந்தது.

வில்டோ விசைப்பலகையைப் பெயர்த்தெடுத்தான். அடியில் இருந்த தகட்டில் பழுப்பாக, கோந்து மாதிரி ஒரு படலம். செம்புக் கம்பிகள் பச்சைப் பாசி பூத்திருந்தன. நடுவில் ஒரு கரப்பான் முட்டை.

"ஐயோ, கழுவித் தொலைப்பா அதை! முதல்ல கழுவு!" என்று ஒவேலார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதத்தான் பண்ணப்போறேன்." வில்டோ ஆல்கஹால் புட்டியைத் திறந்து, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்தான்.

"அந்தப் பிரஷ் இதுக்கு மட்டும்தானா, வீட்டுக்கும் கொண்டுபோவியா?" என்றாள் நிமியா.

"வீட்ல வேற இருக்கு. பெண்டாட்டியோடது."

தேய்க்கிற சத்தம் கேட்டது. கரட், கரட். பாதித் தகடு பளிச்சென்று ஆகியிருக்கும். ஆல்கஹாலில் ஊறிய அழுக்கிலிருந்து ஒரு வாடை மெல்லக் கிளம்பிச் சுவர்ப்பக்கம் வந்தது. குடல் வாடையில்லை. புளித்த அரிசியும் இல்லை. ஒவேலாரின் மூக்குக்கு முந்தி வயிறு அதை அடையாளம் கண்டுகொண்டது. வருடத்தில் ஒரே ஒரு நாள், வெறும் வயிற்றில், வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் விடாமல் வாயில் ஊற்றுவார்களே, அன்றைக்கு மட்டும் புரட்டுகிற அந்தப் புரட்டு.

"நிறுத்து!"

"நீங்கதானே கழுவச் சொன்னீங்க?"

"இப்ப நிறுத்தச் சொல்றேன்! ஒரு துளி அழுக்கு போகக்கூடாது!"

வில்டோ பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "கழுவுங்கறீங்க, கழுவாதங்கறீங்க. குடிங்கன்னா குடிக்க மாட்டேங்கறீங்க. என் கடைல உக்காந்து என்னைய மதிக்கவே இல்ல. ஒரு வாய் குடிங்க, நிறுத்தறேன்." குவளை மறுபடி நீண்டது.

நிமியா செல்போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "இது சரித்திரம் தலைவரே. அசையாதீங்க."

ஒவேலார் குழாயைப் பார்த்தார். வில்டோவின் பற்களைப் பார்த்தார். பிரஷ் நுனியில் சொட்டிக்கொண்டிருந்த ஆல்கஹாலையும் முக்காலியில் இருந்த பெண்ணையும் பார்த்தார். குவளையை வாங்கி, கண்ணை மூடி, குழாய் கரகரவென்று சத்தம் போடும்வரை உறிஞ்சி முடித்தார். சாகவில்லை. வில்டோ பிரஷ்ஷை வைத்துவிட்டான்.

கழுவாத பாதியின் ஓரத்தில், ஒரு திருகுக் குழிக்குள் அது ஒட்டிக்கொண்டிருந்தது. குண்டூசித் தலைகளைச் சேர்த்துத் தட்டியது போல் உருண்டை உருண்டையாகப் பிரிந்த ஒரு சிறிய இலைக்கொத்து. கறுத்திருந்தாலும் மடிப்பில் நீலம் கலந்த பச்சை மிச்சமிருந்தது.

நிமியா குனிந்து முகர்ந்தாள். கிண்டல் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. "அருவதா. கருலிம்ல போடறது. ஒண்ணாந்தேதி காலைல நீங்க என் பூந்தொட்டில துப்பினீங்களே, அதே நாத்தம்."

கரும்புச் சாராயத்தில் அருவதாவும் எலுமிச்சையும் ஊறப்போட்ட கருலிமை ஆகஸ்டு முதல் தேதி விடியலில் குடித்தால்தான் அந்த மாதத்தைத் தாண்ட முடியும் என்பது ஊர் முழுக்க நம்பிக்கை. முதியோர் இல்லங்களில் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டுக்குப் பயப்படாத கிழவர் இந்த நாட்டில் இல்லை.

"தெரெரேலயும்தான் மூலிகை போடறோம்," என்றான் வில்டோ.

"உரல்ல இடிச்சுப் போடுவோம். இது முழுசா இருக்கு," என்றார் ஒவேலார். "அதைவிடு. தெரெரே கொட்டினா தூளும் தண்ணியும் சேர்ந்து உள்ள இறங்கியிருக்கணும். கீபோர்டுக்கு அடியில ஒரு சிட்டிகை யெர்பா இருக்கா, காட்டு பார்ப்போம்."

வில்டோ உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தேடினான். இல்லை. தூள் மேலே மட்டும்தான். ஈரம் காய்ந்த பிறகு, யாரோ சமையலுக்கு உப்புப் போடுவது போல் தூவியிருக்கிறார்கள்.

"சுனில்தா, ஒண்ணாந்தேதி விடியக்காலைல நீ எங்க இருந்தே?"

"ஊர்லய்யா. எங்கம்மா வாசல்ல. தெருவே நின்னு குடிச்சோம். பாதிரியார்கூட வந்து ரெண்டு வாய் கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

ஒவேலார் இரண்டாவது கைக்குட்டையை எடுத்தார். இத்தனை வருடம் எதையும் துடைக்காத அந்த வெள்ளைத் துணியில், இலையும் கோந்தும் கரப்பான் முட்டையும் இருந்த அந்தத் தகட்டைத் தன் கையாலேயே பொதிந்து முடிச்சுப் போட்டார்.

"அண்ணே, டிஸ்க் உயிரோட இருக்கான்னு பாக்க வேணாமா?" என்றான் வில்டோ.

"நீ பாத்துட்டே இரு. அதுக்குள்ள நான் டாக்டரோட கதைக்கு உயிர் இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

*

டாக்டர் கோதாஸின் அறைக்குள் நுழைந்ததும் ஒவேலார் தன்னையறியாமல் பெருமூச்சு விட்டார். வெள்ளைச் சுவர். வெள்ளைத் திரை. லாவண்டர் மணம். மேசைக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. வேறு நாளாக இருந்தால் இங்கேயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

ஒவேலார் வரச்சொல்லியிருந்த விசாரணை அதிகாரி இன்ஸ்ஃப்ரான் ஏற்கெனவே வந்து நாற்காலியை நிறைத்திருந்தார். அவர் கையில் வெள்ளிப்பூண் போட்ட குவளை. டாக்டர் தானே ஊற்றித் தந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் கொடுக்குமுன் குழாயைக் கொதிநீரில் முக்கி எடுத்தார்.

"பாத்தீங்களா தலைவரே, உங்க சொர்க்கம்," என்று நிமியா காதில் கிசுகிசுத்தாள்.

"என்ன சார், லேப்டாப் பிழைச்சுதா?" என்றார் டாக்டர்.

"போர்டு போச்சு டாக்டர். டிஸ்க் சந்தேகம்தான்."

"அடடா." டாக்டரின் முகத்தில் வருத்தம் ஒழுங்காகத் தலைவாரி வந்து உட்கார்ந்தது. "அந்தப் பொண்ணு காரியத்தைக் கச்சிதமா முடிச்சிருக்கா. தெரெரேன்னு உறுதியாயிடுச்சுல்ல?"

"அதிகாரிக்காக ஒரு தடவை சொல்லிடுங்க. எப்ப பார்த்தீங்க?"

"முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி. அவ பஸ்ஸுக்குப் போன கொஞ்ச நேரத்துல. கீபோர்டு மேல தெரெரே சொட்டச் சொட்ட இருந்துது. உடனே அரிசில போட்டு, பையைக் கட்டி, இந்த அலமாரில வெச்சுப் பூட்டினேன். சாவி என்கிட்டயே இருக்கு."

"மறுநாள் காலைல வெளிய எடுத்தீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? உங்க கையில குடுக்கிற வரைக்கும் காத்துகூடப் படல."

ஒவேலார் தலையாட்டினார். திரும்பி, சுவரலமாரியில் வரிசையாக இருந்த சிறிய மண்கிண்ணங்களைப் பார்த்தார். "அழகா இருக்கே. ஒண்ணாந்தேதி கருலிம் குடுக்கிற கிண்ணமா?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! எங்க பெரியவங்களுக்கு அதுதான் பெரிய திருவிழா. ஜூலையிலேயே நானே ஊறப்போட்டு, மெழுகு வெச்சு மூடிடுவேன். சமையல்காரிகூடத் தொட முடியாது."

"முந்தின நாளே யாராவது திறந்து ஒரு வாய்..."

"சேச்சே! அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி திறந்தா அப்புறம் அது வெறும் சாராயம். ஒண்ணாந்தேதி விடியக்காலைல நான்தான் மெழுகை உடைச்சேன். என் கையாலயே ஒவ்வொருத்தருக்கும் ஊத்திக் குடுத்தேன்."

"பொலிகார்ப்போ பெரியவர் செத்துக் கிடந்த அன்னைக்கா?"

"மத்தவங்க பயந்துடக்கூடாதுல்ல? அவருக்கு உடம்பு சரியில்ல, தூங்கறாருன்னு சொன்னேன்."

"அந்த பாட்டிலைத் தவிர இந்த வீட்டுல அருவதா உண்டா?"

"இல்ல. அந்த நாத்தத்தை நான் செடியாகூட வெச்சுக்க மாட்டேன். ஏன் கேக்கறீங்க?"

ஒவேலார் முடிச்சை அவிழ்த்து, கைக்குட்டையை அந்தப் பளபளக்கும் கண்ணாடி மேசையின் நடுவில் விரித்தார். லாவண்டர் மணத்தை ஒரே நொடியில் கொன்றுவிட்டு அந்த வாடை அறை முழுக்க எழுந்தது. டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது உங்க லேப்டாப்போட உள்பக்கம். கீபோர்டுக்கு அடியில," என்றார் ஒவேலார். "மோந்து பாருங்க. முதல் திருகுலேர்ந்து வீடியோ இருக்கு."

"யாராவது தெரெரேல அருவதா..."

"தெரெரேல அருவதாவா?" என்றாள் நிமியா. "டாக்டர், அப்படிக் குடிச்சா நாக்கே ராஜினாமா குடுத்துட்டுப் போயிடும். அப்புறம், தெரெரேன்னீங்களே, யெர்பாத்தூள் எல்லாம் மேல மட்டும் உக்காந்திருக்கு. உள்ள இறங்க அதுக்கு அனுமதி இல்லையோ?"

இன்ஸ்ஃப்ரான் குவளையிலிருந்து வாயை எடுத்தார். மெதுவாக யோசிக்கிறவர், ஆனால் யோசிக்கிறவர். "இருங்க. முப்பத்தொண்ணு ராத்திரி பூட்டி வெச்சதா சொன்னீங்க."

டாக்டரின் பார்வை அலமாரிப் பூட்டுக்குப் போனது.

"பாட்டிலை ஒண்ணாந்தேதி விடியக்காலைலதான் திறந்தேன்னீங்க."

இன்ஸ்ஃப்ரான் குவளையை மேசையில் வைத்தார்.

"பூட்டின அலமாரிக்குள்ள, மறுநாள் திறந்த பாட்டில்லேர்ந்து இலை நடந்து போச்சா?"

"அந்த நேரத்துல சுனில்தா தன் ஊர்ல, பாதிரியாரோட சேர்ந்து குடிச்சிட்டிருந்தா," என்றார் ஒவேலார். "ஊத்தினது இந்த வீட்டுல இருந்தவங்க. டிஸ்க் எழுந்தாலும் சரி, எழாட்டியும் சரி. ராத்திரி டூட்டி யாரு டாக்டர்?"

டாக்டர் கோதாஸ் மேசையைத் துடைத்தார். எதுவுமில்லாத இடத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரியெல் சின்னப் பையன்," என்றார் கடைசியில். "காதுல பாட்டை மாட்டிட்டுத் தூங்கிட்டான். கிழவர் கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு. விடியற வரைக்கும் கூப்பிட்டிருக்காரு. கேமராவுல சத்தமும் பதிவாகும்... சுனில்தா, சுனில்தான்னுதான் கூப்பிட்டாரு. அவதான் இல்லையே. என் தங்கச்சிக்கு இருக்கிறது ஒரே பையன் சார். என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? பாட்டில் மேசை மேலயே இருந்துது."

நிமியா சுவரைப் பார்த்தாள்.

"முதல்ல லேப்டாப்ல ஊத்தினீங்களா, முதல்ல பெரியவங்களுக்கா?" என்று கேட்டார் ஒவேலார்.

"லேப்டாப்ல."

"மிச்சம்?"

"மிச்சம் பாட்டில்ல பாதிக்கு மேல இருந்துது. வீணாக்க வேணாம்னு..." டாக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "வருஷமெல்லாம் நல்லா இருங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். மனசாரத்தான் சொன்னேன்."

ஒவேலாருக்கு வில்டோவின் மேசை நினைவுக்கு வந்தது. கரப்பான், வண்டு, புளித்த அரிசி. இந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில், சுத்தமாக வெட்டிய நகங்களோடு உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கூசியது. இந்த அறையை ரசித்துப் பெருமூச்சு விட்டதை நினைத்து இன்னும் கூசியது.

டாக்டரின் கைகள் பழக்கத்தில் தாமாகவே இயங்கின. குழாயைக் கொதிநீரில் முக்கி, உதறி, குவளையில் செருகி, ஐஸ் தண்ணீர் ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி ஒவேலாரிடம் நீட்டினார். "ஒரு வாய் குடிங்க சார். உக்காந்து பேசிக்கலாம். நாமெல்லாம் மனுஷங்கதானே."

குழாய் பளபளத்தது. ஒரு வாயும் படாத சுத்தம்.

ஒவேலார் வயிறு சரியில்லை என்று சொல்லவில்லை. டாக்டர் வேண்டாமென்றார் என்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கு மத்தியானம் ஒரு குழாய்ல குடிச்சேன்," என்றார். "அதுல குடல்காரர் வாய் வெச்சிருந்தாரு. பல்லு சொத்தையான ஆளு வாய் வெச்சிருந்தாரு. மேசைல கரப்பான் ஓடிச்சு. குடிச்சிட்டேன். இதைக் குடிக்க முடியாது. அருவருப்பா இருக்கு."

நீட்டிய குவளை நீட்டியபடியே நின்றது. அதிகாரி இன்ஸ்ஃப்ரான் புறங்கையால் தன் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நிமியா, அந்தப் பொண்ணுக்குப் போனைப் போடு," என்றார் ஒவேலார். "பெரியவர் கடைசியா கூப்பிட்டது அவ பேரைத்தான்னு சொல்லணும். வேணாம், போன்ல வேணாம். நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்."

"கைக்குட்டை தலைவரே?"

அவர் மேசையில் விரிந்து கிடந்த அழுக்கைப் பார்த்தார். அதை மறுபடி பத்திரமாக முடிந்து, தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.